இல்லாத பிரேக்கை மிதிக்கிறவர்

ரெஹானா அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டது உத்தமபாளையத்தில், அவளைப் பெண் கேட்டு வந்த அன்றைக்கு. மாப்பிள்ளையின் பெயரை அல்ல, மாப்பிள்ளையைப் பெற்ற அத்தாவின் பெயரை. சொன்னவள் அவளுடைய ஜொகரா குப்பி, அதாவது அவள் அத்தாவின் அக்கா. இந்தக் குப்பியைச் சின்னமனூரில் ஒரு அரிசி மண்டிக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்த மண்டிக்காரரின் கடைசி மகளைத்தான் கம்பத்தில் மாப்பிள்ளையின் அத்தா கமாலுடைய தம்பிக்குக் கொடுத்திருந்தது. ஆகவே கமால் வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூடக் குப்பிக்குத் தெரிந்துவிடும். "மாப்பிள்ளைக்கு அத்தா யாரு, ஜீப்புக் கமாலா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பாக்கை மென்றுகொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "தங்கமான குடும்பந்தேன். ஒரு வார்த்தை கடிஞ்சு பேச மாட்டாக. ஆனா ஒண்ணு தாயி, என்னைக்காச்சும் நீ கார் ஓட்டுனா அந்த மனுசனைப் பக்கத்துல மட்டும் உக்கார வச்சுறாத."

ரெஹானாவுக்கு அப்போது சைக்கிளே சரியாக வராது. சிரித்துவிட்டாள். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று தெரிவதற்கு நாலைந்து வருஷம் ஆனது.

ஒரு காருக்கு ஒரு பிரேக்தான் என்று அதைச் செய்த கம்பெனிக்காரன் நினைத்துக்கொண்டிருக்கிறான். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள் என்றால், கம்பத்திலிருந்து கூடலூர் போகிற ரோட்டில் ஓரமாக நின்று போகிற கார்களுக்குள்ளே கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ஓட்டுகிறவருக்கு இடதுபக்கம், முன்சீட்டில், ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாது. அவர் காலுக்குத் தெரியும். இவர்தான் இல்லாத பிரேக்கை மிதிக்கிறவர். ஒரு காலத்தில் ஏதோ ஒரு வண்டியை ஓட்டியிருப்பார், அல்லது ஓட்டியவர் பக்கத்தில் ரொம்ப நாள் உட்கார்ந்திருப்பார், அதுவும் இல்லையென்றால் வயதுக்கு மூத்தவராக இருப்பார். இதில் ஏதாவது ஒன்று போதும், வேறு தகுதி வேண்டியதில்லை.

ஏறும்போதே இவரைக் கண்டுபிடித்துவிடலாம். மற்றவர்கள் சீட்டில் உட்காருவார்கள். இவர் பதவியில் உட்காருவார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, வேட்டியை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே ஏற்றிக்கொண்டு, வலது காலால் தரையைத் தடவித் தனக்குரிய இடத்தைத் தேடிப் பிடித்து, இடது கையால் தலைக்கு மேலே இருக்கிற கைப்பிடியைப் பற்றி, "எடுக்கலாம்" என்பார். எதிரே ஒரு பஸ் வந்தால் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவார். நாய் ஒன்று ரோட்டைக் கடக்கலாமா என்று யோசித்தால், நாய்க்கு முன்னால் இவர் முடிவெடுத்து மிதித்துவிடுவார். "நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்பார். அதற்குப் பின்னால் வருவதெல்லாம் சொல்வதுதான்.

நம்முடைய கமால் ராவுத்தர் இந்த இனத்தில் ஒரு சக்கரவர்த்தி. ராயப்பன்பட்டி சேவியர் வாத்தியார் அவருக்குப் பழைய சிநேகிதர். கோம்பையில் ஒரு கல்யாணத்துக்குத் தன்னுடைய காரில் அவரைக் கூட்டிப்போய்த் திரும்பியவர், மறுநாள் இடதுபக்கத்துக்குப் புதிதாக ஒரு கால்மிதி வாங்கிப் போட்டார். வீரபாண்டித் திருவிழாவில் பேரப்பிள்ளைகளோடு ராட்டினத்தில் ஏறிய கமால், அது மேலேயிருந்து இறங்கிய ஒவ்வொரு தடவையும் மிதித்தார். உம்ராவுக்கு மக்கா போனபோது விமானம் தரை தொட்ட நேரத்தில் முன்சீட்டின் அடியைப் போட்டு மிதித்ததில், அந்த சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மேலப்பாளையத்துக்காரர் எழுந்து இறங்குவதற்குப் பெட்டியைத் தேட ஆரம்பித்துவிட்டார். ஊருக்கு வந்து ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுக்கும்போது கமால் வருத்தத்தோடு சொன்ன செய்தி இதுதான்: அந்த பைலட் பையன் நல்ல பையன்தான், ஆனால் கொஞ்சம் லேட்டாக மிதிக்கிறான்.

அவர் மனைவி ஷரீபாவைக் கேட்டால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்பாள். "தூக்கத்துலயும் பிரேக் போடுறாக. கெண்டைக்கால்ல எத்தனை மிதி வாங்கியிருக்கேன்னு எனக்குத்தேன் தெரியும். எங்கிட்டோ ஒரு லாரி குறுக்க வந்துக்கிட்டே இருக்கு, இத்தனை வருசமா."

அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் காலத்தில் கம்பத்திலிருந்து குமுளி மலைக்கும் கம்பமெட்டு மலைக்கும் ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப்போன ஜீப்பை ஓட்டியவர். உள்ளே உட்கார்ந்தவர்களைவிடத் தொங்கியவர்கள் அதிகம் என்று சொல்லத்தக்க ஜீப்பு அது. அதன் பிரேக்குக்கு ஒரு குணம் உண்டு. முதல் மிதிக்கு அது ஒன்றும் செய்யாது. இரண்டாவது மிதிக்கு யோசிக்கும். மூன்றாவது மிதிக்கு நிற்கும். ஒரேயடியாக அழுத்தினாலோ சக்கரம் இறுகிக்கொண்டு, வண்டி ஈரத்தில் வழுக்குகிற பலகை மாதிரி அது பாட்டுக்கு ஒரு திசையில் போகும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஸ்டியரிங் மட்டும் திரும்பும். ஆகவே மிதி, விடு, மிதி, விடு. இதைத்தான் கமாலின் கால் படித்தது. அந்தக் காலை நம்பித்தான் அத்தனை வீட்டுப் பெண்களும் மலையேறி வேலை பார்த்து இறங்கினார்கள். ஒருத்தி முழங்கையில்கூட ஒரு சிராய்ப்பு கிடையாது. இப்படிப்பட்ட கால் சும்மா இருக்குமா? ஜீப்பு பழைய இரும்புக்குப் போய்விட்டது. கால் போகவில்லை.

இந்த வீட்டுக்குத்தான் கார் வந்தது. ரெஹானாவின் மாப்பிள்ளை ஷானவாஸ் எர்ணாகுளத்தில் வேலை பார்க்கிறான். அங்கே வண்டி நிறுத்த இடம் கிடையாது என்று காரைக் கம்பத்திலேயே விட்டு வைத்தான். தேனியில் போய் வண்டியை எடுத்த அன்றைக்கு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பிள்ளை எல்லாவற்றையும் விளக்கியது. இது ஏபிஎஸ் சார். நீங்க எவ்வளவு அழுத்தி மிதிச்சாலும் சக்கரம் இறுகாது, வண்டியே ஒரு நொடிக்குள்ள பல தடவை விட்டு விட்டுப் பிடிச்சுக்கும். அப்ப காலுக்குக் கீழ பெடல் கிர்ர்னு அதிரும், பயந்து காலை எடுத்துறக் கூடாது, அழுத்திக்கிட்டே ஸ்டியரிங்கைத் திருப்பணும். இது ஈஎஸ்சி சார். வண்டி வளைவுல பின்னாடி இழுத்துக்கிட்டுப் போச்சுன்னா, எந்தச் சக்கரத்தைப் பிடிச்சா வண்டி நேராகுமோ அந்த ஒரு சக்கரத்தை மட்டும் அதுவா பிடிக்கும்.

கமால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் மகனிடம் சொன்னார்: "பிரேக் அதிருதுன்னா அது பழுதுடா. பழுதை வித்துட்டு அதுக்கு ஒரு பேரையும் வச்சுட்டான்."

ஈஎஸ்சிக்கு ஒரு பட்டன் இருந்தது. அதன் மேல் ஒரு சின்னக் கார், அதன் பின்னால் பாம்பு போல நெளிந்த இரண்டு கோடுகள். அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து கமாலுக்கு அதன் மேல் ஒரு கண். இது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக வைத்த பட்டன் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். வண்டி எடுத்ததும் ஒன்றும் தெரியாதவர் போல அதை அழுத்தி வைப்பார். முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், அணைத்தாகிவிட்டது என்று. ரெஹானாவோ ஷானவாஸோ திரும்ப அழுத்துவார்கள். விளக்கு அணையும். அடுத்த வேகத்தடையில் அவர் அழுத்துவார். கேட்டால், வண்டி எப்படிப் போகணும் என்று வண்டியே முடிவு செய்வதாக இருந்தால் மனுஷன் எதற்கு என்பார். குதிரையைக் கடிவாளத்தில் நிறுத்திய வம்சம் ராவுத்தமார் வம்சம். குதிரைக்கு யாராவது பட்டன் வைத்தார்களா?

நல்ல கேள்விதான். குதிரை இருந்தால் அதனிடம் கேட்கலாம்.

இதற்கு நடுவில் ரெஹானாவுக்குக் குமுளியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற படிப்பைப் படித்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு, அவள் படித்த படிப்பின் பெயரைச் சொல்லி ஒருவர் கூப்பிட்டதே அதுதான் முதல் தடவை. சிக்கல் என்னவென்றால் விடிகிறதுக்கு முன்னால் வேலைக்குப் போய் நிற்க வேண்டும்; நோயாளிகள் சாப்பிடாமல் காத்திருப்பார்கள். அந்த நேரத்துக்கு பஸ்ஸை நம்ப முடியாது. கார் வாசலில் நிற்கிறது. ஷானவாஸ் ஊருக்கு வந்தபோதெல்லாம் ஓட்டப் பழக்கிவிட்டதில் லைசென்ஸும் கையில் இருக்கிறது. சாவி எங்கே இருக்கிறது? மாமுவின், அதாவது மாமனார் கமாலின் பச்சை பெல்ட்டில், பித்தான் போட்ட பைக்குள்.

கமால் மறுக்கவில்லை. மறுக்கிற மனிதர் இல்லை அவர். ஒரு பரீட்சை வைத்தார். மருமகள் குமுளிக்கு ஏறி இறங்க வேண்டும், தான் பக்கத்தில் இருக்க வேண்டும். "எங் கால் அசையாமப் போயிட்டு வந்துட்டா சாவி உனக்கும்மா. அசஞ்சா இல்ல. அம்புட்டுத்தேன்."

எப்பேர்ப்பட்ட பரீட்சை பாருங்கள். எழுதுவது ஒருத்தி, மார்க் போடுவது இன்னொருவரின் பாதம். பெற்ற மகன் ஷானவாஸே இந்தப் பரீட்சையில் கூடலூர் தாண்டுவதற்குள் தோற்றவன். போனில் பேசியபோது அவனும் அதைத்தான் சொன்னான்: அத்தா கால் அசையாத ரோடு இந்த உலகத்திலேயே கிடையாது, நீ பேசாமல் வேற வேலை பாரு. ரெஹானா போனை வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போகலாம் மாமு என்றாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. ஷரீபா பின்சீட்டில் ஏறிக்கொண்டாள், குமுளியில் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்குகிற சாக்கில். கமால் தன்னுடைய இடத்தில் அமர்ந்தார், பட்டனை அழுத்தினார், ரெஹானா திருப்பி அழுத்தினாள், பயணம் தொடங்கியது.

ஏறும்போது நன்றாகத்தான் போனது. லோயர் கேம்ப்பைத் தாண்டி, கரண்டு எடுக்கத் தண்ணீரை மலையிலிருந்து இறக்குகிற பென்ஸ்டாக் குழாய்கள் ரோட்டுக்கு மேலே தெரிகிற இடத்தில் ஒரு லாரி ஏற்றத்தில் நின்றுவிட, அதற்குப் பின்னால் இவளும் நிறுத்தினாள். லாரி நகர்ந்தது. இவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டருக்குக் கொண்டுபோகிற அந்த நேரத்தில் வண்டி பின்னால் உருளாமல் அதுவாகவே பிடித்துக்கொண்டு நின்றது. ஏற்றத்தில் பிடித்துக்கொள்கிற அந்த வேலையையும் இந்தக் கார் செய்யும். கமால் இருந்த இடத்தில் உறுதியாக ஊன்றியிருந்த காலை மெதுவாகத் தளர்த்தினார். "நான் பிடிச்சுக்கிட்டேன், நீ எடு" என்றார். இது அசைவில் சேருமா என்று ஷரீபா பின்னாலிருந்து கேட்டாள். ஊன்றினால் அசைவு இல்லை என்று தீர்ப்பு வந்தது.

குமுளியில் டீ குடித்தார்கள். சிப்ஸ் வாங்கினார்கள். ரெஹானா அந்த ஆஸ்பத்திரியின் போர்டை ரோட்டிலிருந்தே ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். யாரிடமும் காட்டவில்லை.

இறங்கும்போது மழை வலுத்தது. மாதா கோவில் வளைவு வந்தது. அங்கே இடதுபக்கம் மலை, வலதுபக்கம் பள்ளம். கீழேயிருந்து ஒரு லாரி முனகிக்கொண்டு ஏறி வந்தது. அந்த லாரியின் முதுகுக்குப் பின்னாலிருந்து, பொறுமை கெட்டுப்போய், அதை ஒட்டிக்கொண்டு ஒரு ஜீப்பு இவள் வருகிற பாதையில் நேராக வெளிப்பட்டது. ஏலத்தோட்டத்து ஜீப்பு. பின்னால் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

ரெஹானா மிதித்தாள். முழு மிதி. காலுக்குக் கீழே பெடல் கிர்ர் என்று அதிர்ந்தது, தகரத்தைக் கல்லில் இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. "போச்சு," என்றார் கமால். "காலை எடும்மா. எடு. விட்டு விட்டு மிதி."

இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் மாமு சொல்லி அவள் தட்டிய வார்த்தை ஒன்று கிடையாது. தண்ணீர் என்றால் தண்ணீர், டிவியை அணை என்றால் அணைத்துவிடுவாள். அன்றைக்கு அவள் காது கேட்டது, கால் கேட்கவில்லை. அதிர்கிற பெடலை இன்னும் அழுத்திக்கொண்டு ஸ்டியரிங்கை இடதுபக்கம் திருப்பினாள். அது திரும்பியது. ஸ்டியரிங் மட்டும் அல்ல, கார் திரும்பியது. இடதுபக்கத்துச் சக்கரங்கள் தாரை விட்டு மண்ணில் இறங்கின. வண்டியின் பின்பக்கம் ஒரு ஆட்டம் ஆடி, பள்ளத்தைப் பார்த்துச் சுழலலாமா என்று தொடங்கியது. முன்னால் அந்த மஞ்சள் விளக்கு படபடவென்று மின்னியது. ஏதோ ஒரு சக்கரத்தை ஏதோ ஒன்று பிடித்து இழுக்க, வண்டி நேரானது, நின்றது. ஜீப்பு கண்ணாடியை உரசாத குறையாகக் கடந்துபோனது. தொங்கியவர்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மழைதுடைப்பான் மட்டும் போய்வந்தது. சிப்ஸ் பொட்டலம் வெடித்து, ஷரீபாவின் முக்காட்டிலிருந்து ஒரு சிப்ஸ் கீழே விழுந்தது.

கமால் கதவைத் திறந்து இறங்கினார். மழையில் நனைந்துகொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்தார். அவருக்கு ரோட்டைப் படிக்கத் தெரியும். முழு மிதி மிதித்தவன் விட்டுப்போகிற கறுப்புக் கோடு எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் சாய்ந்தது, அதைப் பார்த்து எத்தனையோ பேருக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். இங்கே குனிந்து தேடினார். தாரில் கோடு இல்லை. மண்ணில் டயரின் அச்சு, உருண்ட அச்சு, ஒழுங்காக வளைந்து வந்திருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நல்லவேளை. நான் மிதிச்சேன்."

ரெஹானாவின் கை இன்னும் ஸ்டியரிங்கிலேயே இருந்தது. ஷரீபாதான் முன்சீட்டுக்குக் கீழே குனிந்து, அவர் கால் இருந்த இடத்தில் துழாவி, ஒரு செருப்பை வெளியே எடுத்தாள். அவளுடைய செருப்பு. இறக்கத்தில் பின்னாலிருந்து நழுவி முன்னால் போயிருந்தது. வார் அறுந்து, குதிகால் பக்கம் நசுங்கிப்போயிருந்தது.

"ஆமா, மிதிச்சீக," என்றாள். "இதைத்தேன் மிதிச்சீக. இது நின்னுருச்சு, வாஸ்தவந்தேன்."

கமால் செருப்பைப் பார்த்தார்.

"கால் அசஞ்சிருச்சுல்ல," என்றாள் ஷரீபா. "அப்ப அவளுக்குச் சாவி இல்ல. பேச்சுன்னா பேச்சு. எறங்குத்தா ரெஹானா. கீழ வரைக்கும் அவுகளே ஓட்டட்டும்."

ரெஹானா இறங்கினாள். கமால் சுற்றி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். நிஜமான பிரேக் இப்போது அவர் காலுக்குக் கீழே இருந்தது. அதன் மேல் வலது பாதத்தை வைத்தார். அந்தப் பாதம் நடுங்கியது. அவர் அதை அழுத்திப் பார்த்தார், முழங்காலைக் கையால் பிடித்துப் பார்த்தார். அது பாட்டுக்கு நடுங்கிக்கொண்டே இருந்தது. வண்டி அணைந்திருந்தது, ஆகவே இதைப் பெடலின் பழுது என்று சொல்ல வழியில்லை.

பக்கத்தில் மழையில் நின்றுகொண்டிருந்த ரெஹானா அதைப் பார்த்தாள். பார்க்காதது மாதிரி மலைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சீட்டு ரொம்ப முன்னாடி தள்ளிக் கிடக்கு," என்றார் கமால், கடைசியில். "எனக்கு வசதிப்படாது. நீயே ஓட்டும்மா."

இடதுபக்கம் போய் உட்கார்ந்தார். பட்டனுக்குப் போன விரல் பாதி வழியில் நின்று, மூக்கைச் சொறிந்துவிட்டுத் திரும்பி வந்தது. லோயர் கேம்ப் வரை அவர் பல்லிடுக்கில் காற்றுப் போகவில்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் சாவிக்காகக் கையை நீட்டுவது அவர் வழக்கம். அன்றைக்கு நீட்டவில்லை. மஃரிபு தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று கைகால் கழுவி ஒளுச் செய்யப் போய்விட்டார். ரெஹானா சாவியோடு வாசலில் நின்றாள். அவர் பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்புவதற்குள் கதை தெரு முழுக்கப் போய்விட்டிருந்தது: மாதா கோவில் வளைவில் எமன் மாதிரி ஜீப்பு வந்ததாம், சின்னப்பிள்ளை பயந்துவிட்டதாம், கமால் அண்ணன் இடதுபக்கம் இருந்தபடியே ஏதோ பண்ணி வண்டியை நிறுத்திவிட்டாராம். சேவியர் வாத்தியார் ராயப்பன்பட்டியிலிருந்து போன் போட்டு விசாரித்தார். ரெஹானாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் போய் நடந்ததைச் சொல்லட்டுமா மாமி என்று கேட்டாள்.

ஷரீபா அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்தாள். "பேரை அவுக வச்சுக்கிறட்டும்," என்றாள். "சாவிய நீ வச்சுக்க."

அப்படித்தான் ரெஹானா வேலைக்குப் போனாள்.

இவ்வளவு நேரம் கமாலைப் பார்த்துச் சிரித்தீர்கள். நல்லது. போகிறதுக்கு முன்னால் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போங்கள். மாதா கோவில் வளைவில் அந்த லாரியின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஜீப்பு வெளிப்பட்டதே, அப்போது உங்கள் வலது கால் என்ன செய்துகொண்டிருந்தது? கட்டைவிரல் தரையில் லேசாக ஊன்றவில்லையா? யாரிடமும் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டுக் காரில் இடதுபக்கத்துக் கால்மிதியை ஒரு நாள் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தூக்கிப் பாருங்கள், அது சொல்லும்.

கமால் ராவுத்தர் இப்போது கம்பத்தில் வீட்டில்தான் இருக்கிறார். விடிவதற்கு முன்னால் ரெஹானா காரை எடுக்கும்போது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கார் தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் வலது காலைத் தரையில் ஊன்றியிருக்கிறார். திரும்பியதும் எடுத்துவிடுகிறார்.